ரொட்டி வேனில் வந்த மெழுகுவர்த்தி

இயேசு மரி சூசை துணை

பருத்திப்பட்டு,
நவம்பர் 7, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயசீலிக்கு, அப்பா அருள்தாஸ் ஆசீர் கூறி எழுதுவது. நானும் உன் தங்கை ஹில்டாவும் ஆண்டவர் கிருபையால் சுகம், வீட்டு ஓடும் சுகம், கிணறு மட்டும் சுகமில்லை, தெருத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. நீயும் உன் காரும் எங்கும் முட்டிக்கொள்ளாமல் முழுசாக இருக்கிறீர்கள் என்று பதில் வந்தால்தான் எனக்கு நிம்மதி. உன் கடிதத்தையும் மெழுகுவர்த்தியையும் உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் தகப்பனார் ஊர் திரும்பியதும் வீடு தேடிவந்து கொடுத்தார். ஐப்பசி மாதத்திலேயே பனிப்புயல் அடித்ததையும், மறுநாள் நீ வீடு வீடாக நோயாளிகளுக்கு ஊசி போடக் காரில் போனபோது பார்த்ததையும் ஹில்டா சத்தம் போட்டுப் படித்தாள். நாய்க்குக் கால்சட்டை போட்டுக் கூட்டிப்போனவளையும், காலையெல்லாம் பனியைத் தோண்டி ஒரு காரை வெளியே எடுத்துவிட்டு, அது பக்கத்து வீட்டுக்காரன் கார் என்று தெரிந்ததும் திரும்பவும் பனியை அள்ளிப்போட்டு மூடிவிட்டுப் போனவனையும் படித்து நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மார்கழி மாதம் பால் வாங்கப் போகவே மப்ளர் கேட்ட பெண் நீ. உன்னைப் பனியில் கார் ஓட்ட வைத்த கனடாக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் நீ சிரிக்கவில்லை. அம்மா போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள், அடக்கத்துக்கும் வர முடியவில்லை, இதற்கும் வர முடியவில்லை, இந்த மெழுகுவர்த்தியையாவது அம்மா தலைமாட்டில் என் பெயரைச் சொல்லி ஏற்றுங்கள் அப்பா, மறந்துவிடாதீர்கள் என்று மை கரைந்துபோகும் அளவுக்கு அழுது எழுதியிருந்தாய். நான் மறப்பேனா? உன் அம்மாவுக்கு நான் வாங்கிவர மறந்த சாமான்களின் கணக்கு நிறைய உண்டு என்பது வேறு விஷயம். ஏற்றினேனா இல்லையா என்பதைத்தான் நீ இந்தக் கடிதத்தில் முதலில் தேடுவாய். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் இங்கேயும் புயல். ராத்திரி முழுவதும் காற்று பேயாக அடித்து, விடிந்து பார்த்தால் நம் தெருவில் முருங்கை மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. அன்று முழுக்க வண்டி எடுக்க முடியவில்லை. திருநாளன்று காலையில் எங்கள் பேக்கரி முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். எங்கும் விறகு நனைந்துவிட்டது, மண்ணெண்ணெய் இல்லை, ஜனங்கள் சாப்பிட ரொட்டி கேட்கிறார்கள், அருள்தாஸ் வந்தால்தான் வேன் தண்ணீரில் போகும் என்று. புகழ்ந்துவிட்டால் நான் மயங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவார், அதற்குள் பாடி, அம்பத்தூர், அயனம்பாக்கம் என்று சுற்றி முடித்து ஆவடிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, உன் மெழுகுவர்த்தியையும் கூடவே எடுத்துக்கொண்டேன். ஹில்டா பூவோடு நேராக ஆவடிக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. என்னோடு வருகிற சேல்ஸ்மேன் குணசேகரன், உனக்குத் தெரியுமே, நம் வீட்டு கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு முதல் ஆளாக வருவானே, அவனிடம் மெழுகுவர்த்தியைக் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னா அண்ணாத்தே, கேக்கா இது, வாசனை தூக்குது, ஒரு துண்டு துன்னா தப்பா என்றான். உங்கள் ஊர் மெழுகுவர்த்திக்கு எதற்கம்மா பட்டை கிராம்பு வாசனை? வழியெல்லாம் அவனிடமிருந்து அதைக் காப்பாற்றுவது ஒரு வேலையாகப் போயிற்று.

பாடியில் ஆரம்பித்தது கூத்து. தியேட்டருக்காக வைத்திருந்த ஒரு நடிகரின் கட்டவுட் காற்றில் சாய்ந்து ரோட்டின் குறுக்கே மல்லாந்து கிடந்தது. லாரி, பஸ், தொழிற்சாலை வண்டி எல்லாம் வரிசையாக நிற்கிறது. ரசிகர்கள் கையைக் கோத்துக்கொண்டு சுற்றி நின்று, தலைவர் மூஞ்சி மேல டயர் ஏத்தக் கூடாது என்று சத்தம். போலீஸ்காரர் என்ன செய்வார் பாவம், பேச்சுவார்த்தை நடத்தி, கால் வழியாகப் போகலாம், இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார். அதற்கும் ஒருவன் கண்ணீர் விட்டான். நம் குணசேகரன் சும்மா இருப்பானா, அவனும் அந்த மன்றத்து ஆள்தான், இறங்கிப்போய் தலைவர் காலிலிருந்து உடைந்து கிடந்த செருப்புத் துண்டை மட்டும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்து, பாதத்த மிதிச்சா பாவம் அண்ணாத்தே என்றான். மெழுகுவர்த்தியைச் சீட்டில் வைத்துவிட்டுத்தான் இறங்கினான், பயப்படாதே.

அம்பத்தூர் பக்கம் ஒரு ஆட்டோ முழங்கால் தண்ணீரில் நின்றுவிட, டிரைவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். உள்ளே ஒரு பெரியவர் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். டிரைவர், சார், கொஞ்சம் எறங்கித் தள்ளுங்களேன் என்று கேட்டதற்கு அவர், மீட்டர் ஓடிகினு கீதே தம்பி, எறங்கினா நிறுத்துவியா என்று கேட்டார். இரண்டு பேரும் சண்டை போட்டபடியே எங்களைக் கடந்து போனார்கள், நாங்கள்தான் பள்ளத்துக்குப் பயந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டு ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள், ஒருவரும் அதை விரட்டவில்லை. ஏன் என்று கேட்டேன், அது முந்தா நேத்துலேர்ந்து நிக்குதுப்பா, நாங்க இப்பதான் வந்தோம் என்றாள் ஒரு அம்மாள். நியாயம்தானே.

நம் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரு முழுக்க ரொட்டி வாங்க வந்ததால் ஒருவரை ஒருவர் பார்த்து, ஊட்ல யாருக்கு ஜுரம் என்று விசாரித்துக்கொண்டார்கள். நாங்கள் ரொட்டி போடுகிற பார்வதம் கடையில் ஒரு தாத்தா, பசியில் கண் இருட்டுது என்று சொல்லிக்கொண்டே, மருமகள் நீட்டிய ரொட்டியைத் தள்ளிவிட்டார். எனுக்கு இன்னா வந்துச்சு, நான் நல்லாத்தான கீறேன், ரொட்டி குடுத்துப் படுக்க வெக்கப் பாக்குறியா என்று மருமகளிடம் சண்டை. கடைசியில் பார்வதம்தான் அதைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்து, இது ரொட்டி இல்ல நைனா, ஸ்வீட்டு என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வாங்கித் தின்றார். நீ அங்கே மூன்று வேளையும் ரொட்டி தின்கிறாய் என்று அவரிடம் சொல்லியிருந்தால் உனக்காக நேர்ந்துகொண்டிருப்பார்.

அயனம்பாக்கம் வரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் வழிகிறது, அதோடு மீனும் வருகிறது. கொசுவலை, வேட்டி, சோறு வடிக்கும் கூடை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே ரோட்டில் நிற்கிறது. எங்களுக்கு முன்னால் போன டவுன் பஸ்ஸை டிரைவர் நடு ரோட்டில் நிறுத்தினார், பயணிகள் அத்தனை பேரும் இறங்கி மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். டை கட்டிய ஆபீசர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டில் விரால் பிடித்தார். கண்டக்டர் விசில் ஊதி ஊதி அலுத்துப்போய், மீனோடு ஏறுபவர்கள் மீனுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அறிவித்தார். உயிரோட கீது சார், அரை டிக்கெட்தான் என்று ஒருவன் வாதாடினான். நான் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நகராமல் நான் நகர முடியாது, ஐந்து மணிக்குச் சாமியார் வந்துவிடுவார், உன் மெழுகுவர்த்தி குணசேகரன் மடியில் இருக்கிறது. கடைசியில் அவன்தான் இறங்கிப்போய், எங்க அண்ணாத்தே சம்சாரத்துக்கு இன்னிக்கு வெளக்கேத்தணும், கொஞ்சம் வழி உடுங்கப்பா என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். என்ன ஆச்சரியம், கொசுவலையெல்லாம் ஒதுங்கியது, பஸ்ஸையே பத்துப் பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளினார்கள். ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து இரண்டு கெண்டையை வேனுக்குள் போட்டுவிட்டுப் போனாள். தண்ணீரில் போகும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடும். முதல் கியரிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிக் கரையேறினேன். பனியில் எப்படி என்று எனக்குத் தெரியாது, நீயே யாரையாவது கேட்டுக்கொள்.

சரியாக மந்திரிப்பு ஆரம்பிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தோம். தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்து கிடந்தது, தண்ணீர் அன்று காலையில்தான் வடிந்திருக்கிறது. அம்மாவை அடக்கம் பண்ணியது இந்த வருஷத்துப் புது வரிசையில் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா. மண் இறுகட்டும் என்று வருஷம் முடியும் வரை கல் வைக்கமாட்டார்கள், மண்மேடும் மரச்சிலுவையும்தான். அந்த வரிசையில் நாலு பேர், நாலு சிலுவை. ஞானகுமாரி என்று அம்மா பெயர் எழுதிய சிலுவை சுவர் ஓரமாக நேராக நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. ஹில்டா பூவைப் பரப்பி முடித்திருந்தாள், நான் உன் மெழுகுவர்த்தியைத் தலைமாட்டில் ஊன்றி, தீக்குச்சியும் உரசிவிட்டேன். அப்போதுதான் ராயப்பன் வந்தார். டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அவர் தகப்பனாரும் அதே வரிசைதான். அவர் சிலுவையைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த வேப்பமரத்தைப் பார்த்தார், எங்க நைனாவ மரத்தாண்ட இல்ல வெச்சோம், இவரு இன்னாத்துக்கு நடுவுல வந்து கீறாரு என்று கேட்டார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உத்தமனைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் நல்லது செய்யப்போய் வந்த வினை. புயல் வருகிறது என்றதும் மரச்சிலுவைகள் மிதந்துபோய்விடும் என்று நாலையும் பிடுங்கித் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். தண்ணீர் வடிந்ததும் வந்து பார்த்தால் மேடெல்லாம் கரைந்து ஒரே சமமாகக் கிடக்கிறது. யார் எங்கே என்று அவனுக்கு ஞாபகம் இல்லை, கேட்கவும் பயம். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுப்பதுபோல உயர வரிசையில் நட்டுவிட்டான். உன் அம்மா சிலுவை எல்லாவற்றையும்விடக் குட்டை, அதனால் ஓரத்துக்குப் போய்விட்டாள். உயிரோடு இருக்கும்போது எந்தப் போட்டோவிலும் ஓரமாக நிற்க ஒப்புக்கொண்டவளா அவள்? சாமியாரிடம் கேட்டோம், கோயில் புத்தகத்தில் புது வரிசை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறதாம். அடக்கத்தன்று நான் எந்த மரத்தையும் சுவரையும் பார்க்கும் நிலையில் இல்லை, சிலுவை இருக்கும்போது இடத்தை யார் அளந்து வைப்பார்கள்? ஹில்டா நடுவில் என்றாள், எனக்கு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்று தோன்றியது, சத்தியம் செய்யச் சொன்னால் எங்களாலும் முடியாது, ராயப்பனாலும் முடியாது.

ஜெயசீலி, அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல், அணைந்துபோன தீக்குச்சியோடு நின்றேன். உன் பெண்ணுக்கு இனி என்ன எழுதுவேன் என்று அம்மாவிடமே கேட்டேன். இதில் இன்னொரு பயம். நாலாவது சிலுவை நம் கோயிலுக்கு வருகிற ஜேசுராஜின் மாமியாருடையது. கோயிலில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற பெஞ்சுக்காக அம்மாவும் அந்த அம்மாளும் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். உன் மெழுகுவர்த்தியை இடம் தெரியாமல் அந்த அம்மாள் தலைமாட்டில் ஏற்றிவைத்தேன் என்றால் நான் மேலே போகும்போது உன் அம்மா வாசலிலேயே வைத்து என்னைக் கேட்பாள். நாலு வீட்டுக்காரரும் கையில் பூவோடு, யார் மேல் போடுவது என்று தெரியாமல் நின்றோம். சாமியார் தீர்த்தச் செம்போடு பக்கத்து வரிசை வரை வந்துவிட்டார்.

ஹில்டாதான் குனிந்து, போட்ட பூவை அள்ளி நாலு பங்காகப் பிரித்தாள். அம்மா இந்த நாலுல ஒண்ணுலதானே இருக்காங்க, நாலுக்கும் போட்டா எப்படித் தப்பிப் போகும் என்றாள். அதைப் பார்த்து ராயப்பன் பிரித்தார், மற்றவர்களும் பிரித்தார்கள். உன் மெழுகுவர்த்தி ஒன்றுதான். குணசேகரன் ரொட்டிப் பெட்டியின் சணல் அறுக்கும் கத்தியைத் தீயில் காட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கேக்க வெட்டுற மாரியே கீது அண்ணாத்தே என்று சொல்லியபடி அதை நாலு துண்டாக வெட்டினான். நாலிலும் திரியைச் சுரண்டி எடுத்து, நாலு தலைமாட்டிலும் வைத்து, நாலு முறையும் ஜெயசீலி என்று உன் பெயரைச் சொல்லி ஏற்றினேன். எங்கள் வரிசையில் விழுந்த பூ பெரிய பெரிய சலவைக்கல் கல்லறைகளில்கூட விழவில்லை, யாரோ பெரிய மனுஷர்கள் என்று அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாமியார் உயிரோடு இருந்தவரை அவர் பக்கம் திரும்பாத ஜேசுராஜ் நாலு கல்லறையிலும் மண்டியிட்டு ஜெபம் சொல்ல வேண்டியதாயிற்று, அது அவருக்கு வேண்டியதுதான்.

மந்திரிப்பு முடிந்ததும் நாலு வீட்டாரும் அங்கேயே நின்று பேசினோம். வருஷம் முடிந்ததும் தனித்தனியாகக் கல் வைப்பதில் அர்த்தம் இல்லை, நாலு இடத்தையும் சேர்த்து ஒரே மேடையாகக் கட்டி, ஒரே கல்லில் நாலு பெயரும் வெட்டலாம் என்று ராயப்பன் சொன்னார். நான் மூத்த பெண்ணைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றுவிட்டேன். அந்த பெஞ்சுக்கார அம்மாளோடு ஒரே கல்லில் இருக்க உன் அம்மா சம்மதிப்பாளா என்று யோசித்து, உன் மனதில் பட்டதை எழுது.

பிறகு எல்லாரும் கிளம்பினார்கள். குணசேகரன் வேனில் மீன் நாறுகிறது என்று ஹாரன் அடித்தான், ஹில்டா இருட்டுகிறது அப்பா என்றாள். காற்றுக்கு மற்ற வரிசைகளில் உயரமான மெழுகுவர்த்திகள் அணைந்துவிட்டன, உன்னுடையது குட்டையாக இருந்ததால் மண்ணோடு ஒட்டி எரிந்துகொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எது உன் அம்மாவுக்காக எரிகிறது என்று தெரியாதபோது எதைப் பாதியில் விட்டுவிட்டு வருவது? நாலும் எரிந்து முடியும் வரை ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடக்கத்துக்கு வரமுடியாத உனக்கு அந்த இடம் தெரியாது, தோள் கொடுத்துத் தூக்கிப்போன எனக்கும் இப்போது தெரியாது. அந்த மட்டில் நீயும் நானும் இனி ஒன்றுதான் மகளே. அம்மாவை வைத்த இடம்கூட எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இனி அழாதே.

கம்பளிச் சட்டையை இரண்டாகவே போடு, போட்டோவில் பார்த்து ஹில்டா சிரிப்பாள் என்று ஒன்றைக் குறைக்காதே. பனியில் அவசரமாக பிரேக் போடாதே, நேரமாகிவிட்டால் நோயாளி காத்திருப்பார், நீ முழுசாகப் போய்ச் சேர வேண்டும். மாதா உன்னையும் உன் சக்கரங்களையும் காக்கட்டும். கல் விஷயத்துக்குப் பதில் எழுத மறக்காதே, உன் சம்மதம் வராமல் ஒரு எழுத்தும் வெட்டவிட மாட்டேன்.

உன் பிரியமுள்ள அப்பா,
ம. அருள்தாஸ்